டாக்டர் ஜெகிலின் பின்வாசல்



எனக்குத் தரப்பட்ட தலைப்பு 'விக்டோரியா காலத் திகில் புனைகதைகளில் மனித இயல்பின் இருமை'. அகலமான தலைப்பு. அழைப்பிதழில் அச்சேறிவிட்டதால் மாற்ற முடியாது. சுருக்கிக்கொள்ளும் உரிமையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் 1886 ஜனவரியில் வெளியிட்ட 'டாக்டர் ஜெகிலும் மிஸ்டர் ஹைடும்' என்ற சிறு நாவலை நடுவில் வைத்துப் பேசுகிறேன். மற்ற நூல்கள் தேவைப்படும்போது வந்து போகும்.

ஒரு ஷில்லிங்குக்கு விற்ற புத்தகம் அது. ஆறு மாதத்துக்குள் இங்கிலாந்தில் ஏறத்தாழ 40,000 படிகள் போயின. ஒரு மாலைப் பொழுதில் படித்து முடித்துவிடலாம். இந்த அவையில் கதை தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். படித்தவர்கள் கை உயர்த்துங்கள் என்று சொன்னால் நிலைமை வேறாக இருக்கும் என்று நினைக்கிறேன், ஆகவே சொல்லப்போவதில்லை. கதை முன்கூட்டியே தெரிந்திருப்பதுதான் இந்த நூலைப் படிப்பதற்கு உள்ள பெரிய இடைஞ்சல்.

நமக்குத் தெரிந்த கதை இது: நல்ல மருத்துவர் ஒருவர் மருந்து குடிக்கிறார், உள்ளே அடங்கிக் கிடந்த கெட்டவன் வெளியே வருகிறான், நன்மையும் தீமையும் ஒரே உடலுக்குள் மல்லுக்கட்டுகின்றன. மேடையும் சினிமாவும் நூறாண்டுக்கும் மேலாக நமக்குச் சொல்லிவருவது இதைத்தான். நூலைத் திறந்தால் இந்தக் கதை அங்கே ஒரு மூலையில்தான் இருக்கிறது. மனிதன் ஒருவனல்ல, இருவன் என்ற கொள்கையை நாவலாசிரியர் தம் குரலில் எங்கும் சொல்லவில்லை. அதைச் சொல்பவர் டாக்டர் ஜெகில். தம் கடைசி வாக்குமூலத்தில், கொலைப் பழி தலைக்குமேல் நிற்கும்போது சொல்கிறார். குற்றம் செய்தவர் தமக்காக வைக்கும் வாதத்தை நாம் நாவலின் தீர்ப்பாக எடுத்துக்கொண்டுவிட்டோம்.

நூலின் அமைப்பைப் பாருங்கள். மொத்தம் பத்து அத்தியாயங்கள். முதல் எட்டும் அட்டர்சன் என்ற வழக்கறிஞரின் தோளுக்குப் பின்னால் நின்று நாம் பார்ப்பவை. அங்கே ஜெகில் வேறு, ஹைட் வேறு. மதிப்புமிக்க ஒரு மருத்துவரை ஏதோ பழைய ரகசியத்தை வைத்து ஒரு கயவன் மிரட்டிப் பணம் பறிக்கிறான் என்று அட்டர்சன் நினைக்கிறார். 1886ஆம் ஆண்டின் வாசகரும் அப்படித்தான் நினைத்தார். ஒன்பதாவது அத்தியாயம் டாக்டர் லான்யனின் கடிதம். உருமாற்றத்தை நேரில் கண்டு, அந்த அதிர்ச்சியிலேயே நோயில் விழுந்து இறந்தவர் அவர். பத்தாவதில்தான் ஜெகில் பேசுகிறார். அவரைக் குறுக்கு விசாரணை செய்ய யாரும் இல்லை, மறுத்துச் சொல்லவும் யாரும் இல்லை. ஸ்டீவன்சன் சட்டம் படித்தவர், 1875இல் எடின்பரோவில் வழக்கறிஞராகப் பதிவானவர். வாக்குமூலம் ஒன்றைக் கடைசியில் வைத்துவிட்டுத் தாம் விலகிக்கொள்வது என்ன வேலை செய்யும் என்பது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

சரி, ஜெகில் என்னதான் சொல்கிறார்? இளமையில் தமக்குச் சில கேளிக்கைகளில் நாட்டம் இருந்தது என்கிறார். அவை என்ன என்று சொல்வதில்லை. அவை ஒன்றும் பெரும் பாவங்களல்ல, வேறு சிலர் அவற்றைப் பெருமையாகவே சொல்லிக்கொண்டிருப்பார்கள் என்றும் ஒப்புக்கொள்கிறார். ஆனால் ஊரார் முன் தலை நிமிர்ந்து, சற்றுக் கூடுதலான கம்பீரத்தோடு நடக்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு. ஆகவே மறைத்தார். இந்த வரிசையைக் கவனியுங்கள். இரட்டை வாழ்க்கை மருந்துக்குப் பல ஆண்டுகள் முந்தியது. மருந்து வந்தது அந்த வாழ்க்கையைச் சுலபமாக்குவதற்கு. ஹைடின் உடலைத் தடித்த மேலங்கிபோல எடுத்துப் போர்த்திக்கொண்டதாக அவரே சொல்கிறார். மேலங்கிக்கு மனச்சாட்சி கிடையாது, வேண்டும்போது கழற்றியும் வைக்கலாம்.

அடுத்தது மருந்து. அது நன்மையையும் தீமையையும் பிரித்து ஆளுக்கொரு பக்கம் நிறுத்தியது என்றுதான் நாம் நினைக்கிறோம். வாக்குமூலம் வேறு கணக்குச் சொல்கிறது. ஒரு பக்கம் கலப்பில்லாத தீமையாக ஹைட். மறுபக்கம்? பழைய ஜெகில்தான், முன்பு என்னென்ன கலந்திருந்தனவோ அத்தனையோடும் அதே ஜெகில். நல்லவர் என்று ஒருவர் பிறக்கவே இல்லை. ஒன்றிலிருந்து ஒன்றை வெளியே எடுத்தார்கள், மிச்சமும் பழைய ஒன்றாகவே இருந்தது. இது இருமைக் கணக்கு ஆகாது. இரண்டு என்பதுகூடத் தம் அறிவு எட்டிய எல்லை மட்டுமே, பின்னால் வருபவர்கள் மனிதனுக்குள் ஒன்றோடொன்று ஒட்டாத ஒரு கூட்டமே குடியிருப்பதைக் கண்டுபிடிப்பார்கள் என்றும் ஜெகில் போகிறபோக்கில் எழுதிவிட்டுச் செல்கிறார். உளவியல் ஆய்வில் ஈடுபட்டிருந்த ஃபிரெடரிக் மையர்ஸ் இந்த நூலைப் படித்துவிட்டு ஸ்டீவன்சனுக்குக் கடிதம் எழுதித் திருத்தங்கள் சொன்னார்; அதே 1886இல் பல்கூறான ஆளுமை பற்றி ஒரு கட்டுரையும் வெளியிட்டார். அக்காலத்தவரே இரண்டோடு நிற்கவில்லை. நாம்தான் நின்றுவிட்டோம்.

மருந்தைப் பற்றி இன்னொன்று. கடைசியில் கையிருப்பு தீர்கிறது. புதிதாக வரவழைத்த உப்பு வேலை செய்வதில்லை. லண்டன் முழுக்க ஆள் அனுப்பித் தேடுகிறார், பயனில்லை. முதலில் வாங்கிய உப்பில் ஏதோ கலப்படம் இருந்திருக்கிறது, அந்தக் கலப்படம்தான் வேலை செய்திருக்கிறது என்பது அப்போதுதான் அவருக்கு உறைக்கிறது. தம்மைத் தூய பங்காகவும் அழுக்குப் பங்காகவும் பிரித்துவிட முனைந்தவரின் சோதனை அழுக்கினால் நடந்திருக்கிறது. இதைவிடக் குரூரமான நகைச்சுவை அந்தக் காலத்துத் திகில் கதைகளில் வேறெங்கும் எனக்குத் தட்டுப்பட்டதில்லை.

அதற்கு நிகரான இடம் ரீஜண்ட்ஸ் பூங்காக் காட்சி. ஹைடாக இருந்து செய்த கொலைக்குப் பிறகு ஜெகில் திருந்தி, சில மாதங்கள் தர்ம காரியங்களில் ஈடுபடுகிறார். பிறகு பழைய சபலத்துக்கு ஒருமுறை இடம் கொடுக்கிறார், ஹைடாக மாறாமல், ஜெகிலாகவே. அதன்பின் ஒரு ஜனவரிப் பகலில் பூங்கா பெஞ்சில் வெயில் காய்ந்தபடி, நானும் மற்றவர்களைப் போன்றவன்தானே என்று எண்ணுகிறார். அங்கேயே நின்றிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. சும்மா இருக்கும் மற்றவர்களோடு நற்காரியம் செய்யும் தம்மை ஒப்பிட்டுப் புன்னகைத்துக்கொள்கிறார். அந்தக் கணத்தில், மருந்தே இல்லாமல், உடல் மாறுகிறது. ஹைட் வெளிவந்தது காமத்தின் உச்சியிலோ கோபத்தின் உச்சியிலோ அல்ல. தான் நல்லவன் என்ற திருப்தியின் உச்சியில்.

இதெல்லாம் என் கற்பிதமோ என்று ஐயுறுபவர்களுக்கு ஆசிரியரின் வாக்கே இருக்கிறது. 1887 நவம்பரில் எழுதிய ஒரு கடிதத்தில் ஸ்டீவன்சன், ஹைடை வெறும் காமுகனாகக் காட்டுவதைக் கண்டு எரிச்சலடைகிறார். ஜெகிலின் கேடு அவர் பெண்களை விரும்பியதில் இல்லை, அவர் பாசாங்குக்காரர் என்பதில்தான் இருக்கிறது, அந்தப் பாசாங்குதான் மிருகத்தை வெளியே விட்டது என்பது கடிதத்தின் சாரம். படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில் என்று நம் ஊரில் சொல்வார்கள். வள்ளுவர் இதற்காகவே 'கூடா ஒழுக்கம்' என்று ஓர் அதிகாரம் ஒதுக்கியிருக்கிறார். அறத்துப்பாலின் அந்தப் பகுதி துறவியை நோக்கியது. ஸ்டீவன்சனின் நூல் பட்டங்களும் பதவியும் வங்கியிருப்பும் உள்ள கனவானை நோக்கியது.

இந்தக் கனவானை அவர் எங்கே பார்த்தார்? பிறந்த ஊரில். எடின்பரோ இரண்டு ஊர்களாக இருந்தது. மலை முகட்டில் பழைய நகரம்: நெருக்கமான உயர்ந்த குடியிருப்புகள், இருட்டுச் சந்துகள். எதிர்ப்புறம் 1767இல் ஜேம்ஸ் கிரெய்க் வகுத்த திட்டப்படி எழுந்த புதிய நகரம்: நேர்கோட்டுத் தெருக்கள், சதுக்கங்கள், கனவான்கள். ஸ்டீவன்சன் குடும்பம் கலங்கரை விளக்கம் கட்டும் பொறியாளர் குடும்பம். வீடு புதிய நகரத்தில், ஹேரியட் ரோவில். மாணவப் பருவத்தில் ஸ்டீவன்சன் இரவுகளைப் பழைய நகரத்து மதுக்கடைகளில் கழித்தார்.

சிறுவயதில் அவர் உறங்கிய அறையில் ஓர் அலமாரி இருந்தது. செய்தவர் வில்லியம் புரோடி. தச்சர் சங்கத்தின் தலைவர், நகர மன்ற உறுப்பினர். பகலில் பணக்காரர் வீடுகளுக்குப் பூட்டும் அலமாரியும் செய்து கொடுப்பார். சாவிகளை மெழுகில் அச்செடுத்துக்கொள்வார். இரவில் அதே வீடுகளில் கன்னம் வைப்பார். சூதாட்டக் கடன் ஒரு பக்கம், இரண்டு ரகசியக் குடும்பங்கள் ஒரு பக்கம். 1788 மார்ச்சில் ஆயத்தீர்வை அலுவலகத்தைக் கொள்ளையடிக்கப் போய்க் காரியம் கெட்டது. ஆம்ஸ்டர்டாமுக்கு ஓடியவரைப் பிடித்து வந்து அக்டோபர் 1ஆம் தேதி தூக்கிலிட்டார்கள். ஸ்டீவன்சன் இவரைப் பற்றி டபிள்யூ. ஈ. ஹென்லியோடு சேர்ந்து ஒரு நாடகமே எழுதினார். நாடகம் சோபிக்கவில்லை. அலமாரி இன்று எடின்பரோ எழுத்தாளர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

புரோடி மருந்து எதுவும் குடிக்கவில்லை என்பதை நினைவில் வையுங்கள். திருடனும் தலைவரும் ஒரே ஆள். தலைவராக இருந்ததால்தான் சாவிகள் கையில் கிடைத்தன. மதிப்பே அவருடைய கன்னக்கோல். இதையே நாவலில் ஒரு வீடாகக் கட்டிக் காட்டுகிறார் ஸ்டீவன்சன். ஜெகிலின் வீட்டு முன்புறம் சதுக்கத்தைப் பார்த்து நிற்கிறது: கணப்பு எரியும் கூடம், பட்லர், விருந்தினர். பின்புறம் வேறொரு தெருவில் திறக்கிறது: வண்ணம் உரிந்த கதவு, மணியும் இல்லை, தட்டும் வளையமும் இல்லை. நடுவில் பழைய உடற்கூறு அறுவைக் கூடம். ஒரு புகழ்பெற்ற அறுவை மருத்துவரின் வாரிசுகளிடமிருந்து ஜெகில் வாங்கிய வீடு அது. லண்டன் லெஸ்டர் சதுக்கத்தில் ஜான் ஹன்டர் என்ற 18ஆம் நூற்றாண்டு அறுவை மருத்துவரின் வீடு இப்படித்தான் இருந்தது; முன்வாசலில் கனவான்கள், பின்வாசலில் பிணங்கள். ஸ்டீவன்சனின் மனத்தில் இருந்தது இந்த வீடுதான் என்று கருதுவோர் உண்டு. எடின்பரோவிலோ இன்னும் கொடிய நினைவு இருந்தது: 1828இல் பர்க், ஹேர் என்ற இருவர் 16 பேரைக் கொன்று உடல்களை டாக்டர் ராபர்ட் நாக்ஸின் உடற்கூறு வகுப்புக்கு விற்றார்கள். பர்க் தூக்கில் தொங்கினான். நாக்ஸ் மீது வழக்கே இல்லை. இந்த நிகழ்ச்சியின் நிழலில் ஸ்டீவன்சன் எழுதிய 'பிணத் திருடன்' என்ற சிறுகதை, ஜெகில் நூலுக்கு ஓராண்டு முன்பு, 1884 கிறிஸ்துமஸுக்கு வெளிவந்தது.

நாவல் எழுதப்பட்ட விதம் பற்றியும் சொல்ல வேண்டும். இதைப் பெரும்பாலும் வேடிக்கைக் கதையாகவே சொல்கிறார்கள். 1885 இலையுதிர் காலம், போர்ன்மத் நகரம். நோயாளியான ஸ்டீவன்சன் உறக்கத்தில் அலறுகிறார், மனைவி ஃபேனி எழுப்புகிறார், நல்ல பேய்க்கதையைக் கலைத்துவிட்டாயே என்று அவர் கோபித்துக்கொள்கிறார். முதல் வரைவை ஃபேனி குறை சொல்ல, அதை நெருப்பில் போட்டுவிட்டு மீண்டும் எழுதுகிறார். முக்கியமானது அந்த முதல் வரைவில் என்ன இருந்தது என்பது. உறவினர் கிரஹாம் பால்ஃபோர் 1901இல் எழுதிய வாழ்க்கை வரலாறு சொல்கிறது: அதில் ஜெகில் அடியோடு கெட்டவர், ஹைட் வெறும் மாறுவேடம். இதற்குள் ஓர் உருவகம் இருக்கிறது, நீங்கள் அதைத் தவறவிட்டீர்கள் என்பது ஃபேனியின் விமர்சனம். அவர் சொன்னது சரி, நூல் உயர்ந்தது. ஆனாலும் எரிந்த வரைவு முழுவதும் எரிந்துவிடவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. மேலங்கி இன்னும் அங்கே தொங்குகிறது.

ஹைடைப் பற்றிப் பேசும்போது நாம் அவனை ஒரு குகைமனிதனாகக் கற்பனை செய்கிறோம். அவனைப் பார்த்தவர்கள் யாராலும் அவனை வர்ணிக்க முடியவில்லை என்பதை மறந்துவிடுகிறோம். ஏதோ ஊனம் இருப்பதுபோல் தோன்றுகிறது, எங்கே என்று சொல்ல முடியவில்லை. எல்லாரும் சொல்வது இவ்வளவுதான். குற்றவாளியை முகத்தைப் பார்த்தே அறியலாம் என்று இத்தாலிய மருத்துவர் லொம்ப்ரோஸோ 1876இல் எழுதிய காலம் அது. பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா'வில் (1897) மினா என்ற பெண், லொம்ப்ரோஸோவின் பெயரைச் சொல்லியே டிராகுலா பிரபுவை வகைப்படுத்துகிறாள். ஸ்டீவன்சன் அந்த ஆறுதலைத் தருவதில்லை. ஹைடின் சோஹோ அறைகளைப் போலீஸ் சோதனையிடும்போது என்ன கிடைக்கிறது? நல்ல மது, வெள்ளிப் பாத்திரங்கள், ரசனையோடு தேர்ந்த ஓவியம், எரிந்தது போக மிஞ்சிய பச்சை நிறக் காசோலைப் புத்தகம். வங்கியில் அவன் பெயரில் சில ஆயிரம் பவுண்டு. கையெழுத்தும் ஜெகிலுடையதே, சாய்வு மட்டும் வேறு. சேரியிலிருந்து வந்த பூதம் அல்ல அவன். கணக்கு வைத்திருக்கும் பூதம்.

அவனைச் சுற்றியிருக்கும் கனவான்களைப் பாருங்கள். அதிகாலை 3 மணிக்கு ஹைட் ஒரு சிறுமியை மிதித்துக்கொண்டு போகிறான். என்ஃபீல்ட் என்ற கனவான் அவனைப் பிடிக்கிறார். போலீசிடம் கொடுக்கவில்லை; உன் பேரை நாறடித்துவிடுவோம் என்று மிரட்டி 100 பவுண்டு வாங்கிக் குடும்பத்துக்குக் கொடுக்கிறார். காசோலையில் இருந்த கையொப்பம் யாருடையது என்பது அவருக்குத் தெரியும். விஷயம் எவ்வளவு விபரீதமாகத் தெரிகிறதோ அவ்வளவு குறைவாகக் கேள்வி கேட்பது அவர் வைத்திருக்கும் விதி. அட்டர்சன் இன்னும் ஒரு படி மேலே போகிறார். நாடாளுமன்ற உறுப்பினர் டான்வர்ஸ் கேரு கொல்லப்பட்ட பிறகு, கொலைகாரன் எழுதியதாக ஜெகில் ஒரு கடிதத்தைத் தருகிறார். அது ஜெகிலின் கைவரிசை என்பதற்குச் சான்று அட்டர்சனின் வீட்டிலேயே கிடைக்கிறது. என் நண்பன் ஒரு கொலைகாரனுக்காகப் பொய்க்கடிதம் எழுதியிருக்கிறான் என்று உள்ளுக்குள் நடுங்கிவிட்டு, அதைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டுகிறார் அந்த வழக்கறிஞர். ஹைடை உருவாக்கியது மருந்து என்றால், அவனைக் காப்பாற்றியது இந்த நாகரிகம்.

ஜெகில் சொல்லாமல் விட்ட அந்தக் கேளிக்கைகள் எவை? 1885 ஜூலையில் டபிள்யூ. டி. ஸ்டெட் என்ற பத்திரிகையாளர் லண்டனில் சிறுமிகள் விலைபோவதைத் தொடராக எழுதி நாட்டையே குலுக்கினார். அதன் விளைவாக வந்த சட்டம் சம்மத வயதை 13லிருந்து 16 ஆக்கியது. அதே சட்டத்தில் லபூஷேர் என்ற உறுப்பினர் சேர்த்த ஒரு பிரிவு ஆண்களுக்கிடையிலான உறவை, தனியிடத்தில் நடந்தாலும், குற்றமாக்கியது. மறுபக்கம், பால்வினை நோய்த் தடுப்பு என்ற பெயரில் படைநகரங்களில் பெண்களை மட்டும் பிடித்துக் கட்டாயப் பரிசோதனை செய்த சட்டங்கள் இருந்தன. ஜோசஃபின் பட்லர் போன்றோரின் நெடும் போராட்டத்தால் 1886இல் அவை நீக்கப்பட்டன. (1868இல் அதே வகைச் சட்டம் இந்தியாவுக்கும் வந்திருந்தது.) எலைன் ஷோவால்டர் உள்ளிட்ட திறனாய்வாளர்கள், மணமாகாத ஆண்களே நிறைந்த இந்தக் கதையை லபூஷேர் பிரிவின் வெளிச்சத்தில் படித்திருக்கிறார்கள். வலுவான வாசிப்பு, அது மட்டுமே விடை என்று நான் சொல்ல மாட்டேன். வெற்றிடம் வெற்றிடமாக இருப்பதால்தான் ஒவ்வொரு வாசகரும் தம் அச்சத்தை அங்கே கொண்டுபோய் வைக்கிறார்.

மேடைக்கு அந்தப் பொறுமை இல்லை. தாமஸ் ரசல் சல்லிவன் 1887இல் எழுதிய நாடகம் ஜெகிலுக்கு ஒரு காதலியைக் கொடுத்தது. ரிச்சர்ட் மேன்ஸ்ஃபீல்ட் இரு வேடங்களையும் ஏற்றார். 1888 ஆகஸ்டில் லண்டன் லைசியம் அரங்குக்கு நாடகம் வந்தது; அந்த அரங்கின் மேலாளர் வேறு யாருமல்ல, பிராம் ஸ்டோக்கர். அந்த மாத இறுதியில் லண்டனின் வைட்சேப்பல் பகுதியில் தொடர்கொலைகள் தொடங்கின. கொலைகாரன் கனவானாக உலவும் மருத்துவனோ என்று செய்தித்தாள்கள் ஜெகிலின் பெயரை இழுத்தன. கதை உண்மையைப் பின்பற்றுவதுபோய், உண்மையைப் பார்க்கும் கண்ணாடியாகிவிட்டது.

ஆஸ்கர் வைல்டின் 'டோரியன் கிரே' கதையை நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள், ஆகவே ஒன்று மட்டும். 1890இல் இதழில் வந்த வடிவத்தை மறு ஆண்டு நூலாக்கும்போது வைல்ட் சில இடங்களை அடக்கி வாசித்தார். 1895இல் குவீன்ஸ்பெரி பிரபு மீது அவர் தொடர்ந்த வழக்கில், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எட்வர்ட் கார்சன் அவரைக் குறுக்கு விசாரணை செய்யக் கையில் எடுத்தது பழைய இதழ் வடிவத்தைத்தான். அடுத்து வைல்டே குற்றவாளிக் கூண்டில் நின்றார். லபூஷேர் பிரிவின்கீழ் 2 ஆண்டு கடுங்காவல். இரட்டை வாழ்க்கை பற்றிய நாவல் நீதிமன்றத்தில் சான்றாயிற்று.

பெண்களுக்கு இரட்டை வாழ்க்கை என்ற வசதியும் இல்லை. 1847இல் வந்த 'ஜேன் ஐர்' நாவலில் அடங்காத சினத்துக்கு ஒரு தனி உடல் தரப்படுகிறது: ஜமைக்காவிலிருந்து வந்த, கதாநாயகனின் மனைவி பெர்த்தா, மாடியறையில் பூட்டப்பட்டவள். ஜேனின் மறுபாதி அவள் என்று கில்பர்ட், குபார் என்ற திறனாய்வாளர்கள் 1979இல் வாதிட்டார்கள். ஆண் தன் மறுபாதியை மருந்தூற்றி வெளியே அனுப்புகிறான், கையில் சாவி கொடுத்து. பெண்ணின் மறுபாதிக்கு வெளிப்புறமாகத் தாழ்.

ஜெகிலின் வாக்குமூலத்துக்குத் திரும்பி முடிக்கிறேன். அதன் கடைசிப் பக்கங்களில் 'நான்' என்ற சொல் தள்ளாடுகிறது. ஹைட் செய்தவற்றை ஓரிடத்தில் 'நான்' என்றும் அடுத்த வரியில் 'அவன்' என்றும் எழுதுகிறார். கொலையின் களிப்பைச் சொல்லும்போது 'நான்' தாராளமாக வருகிறது; விளைவுகள் நெருங்க நெருங்க, இனி அவனை 'நான்' என்று சொல்ல என்னால் முடியாது என்கிறார். மனிதன் இருவன் என்ற தத்துவம் எந்த நேரத்தில் கைகொடுக்கிறது என்று பாருங்கள்.

இன்னொருவரை இந்த நாவல் அப்படியே விட்டுவிடுகிறது. ஹைடின் பிணம் கிடக்கும் அறையில் அட்டர்சன் மூன்று காகிதங்களைக் கண்டெடுக்கிறார். ஒன்று உயில். முன்பு ஹைடின் பெயர் இருந்த இடத்தில் இப்போது அட்டர்சனின் பெயர். சொத்து கால் மில்லியன் பவுண்டு. வீட்டுக்குப் போய் இவற்றை நிதானமாகப் படித்துவிட்டு நள்ளிரவுக்குள் திரும்புகிறேன், அப்புறம் போலீசை அழைப்போம் என்று பட்லரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புகிறார். அதற்குப் பிறகு நூலில் அவர் வருவதே இல்லை. லான்யனின் கடிதமும் ஜெகிலின் வாக்குமூலமும் தொடர்கின்றன, அத்துடன் நூல் முடிகிறது. ஏற்கெனவே ஒரு கடிதத்தைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டியவர் அவர். அவர் திரும்பி வந்தார், போலீசை அழைத்தார் என்று நம்புவதற்கு முந்தைய எட்டு அத்தியாயங்களில் எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.